கருஞ்சிறுத்தை பிறந்த கவுண்டி

அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில், செல்மா நகருக்கும் மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்கும் நடுவே இருக்கிறது லவுண்ட்ஸ் கவுண்டி. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. பரப்பளவு சுமார் 1,880 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 10,311 பேர் மட்டுமே. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் கறுப்பினத்தவர். தலைமையிடமான ஹேன்வில்லில் ஆயிரம் பேர்கூட இல்லை. இவ்வளவு சிறிய ஊர்ப்பகுதிக்கு அமெரிக்க ஜனநாயகத்தின் வரலாற்றில் மிகப் பெரிய இடம் உண்டு. வாக்குரிமை எப்படிப் பறிக்கப்படும், எப்படி மீட்கப்படும், மீட்ட பிறகும் அது எதுவரை செல்லும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேட இதைவிடப் பொருத்தமான இடம் அந்த நாட்டில் இல்லை.

கரிசலும் பருத்தியும்

எல்லாம் மண்ணிலிருந்து தொடங்குகிறது. அலபாமாவின் நடுப்பகுதியில் கிழக்கு மேற்காக ஒரு கரிசல் பட்டை ஓடுகிறது. அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் கறுத்த களிமண். பிளாக் பெல்ட் என்ற பெயர் முதலில் இந்த மண்ணின் நிறத்துக்காகவே வந்தது. பின்னாளில் அங்கே வாழ்ந்த மக்களையும் சேர்த்துக் குறிக்கலாயிற்று.

இந்த நிலம் கிரீக் பழங்குடியினருடையது. 1813 டிசம்பர் 23 அன்று, அலபாமா ஆற்றங்கரையில் இன்றைய லவுண்ட்ஸ் எல்லைக்குள் இருந்த ‘புனித பூமி’ என்ற கிரீக் குடியிருப்பை அமெரிக்கப் படை தாக்கி எரித்தது. மறு ஆண்டு கையெழுத்தான ஜாக்சன் கோட்டை ஒப்பந்தத்தில் கிரீக் மக்கள் 2 கோடி ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை இழந்தார்கள். கரோலினா, ஜார்ஜியா பகுதிகளிலிருந்து தோட்ட முதலாளிகள் அடிமைகளை ஓட்டிக்கொண்டு வந்து குடியேறினார்கள். 1830 ஜனவரியில், பக்கத்துக் கவுண்டிகளிலிருந்து பிரித்தெடுத்து லவுண்ட்ஸ் உருவாக்கப்பட்டது. தென் கரோலினாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் லவுண்ட்ஸின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

1830இல் 9,410 ஆக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் இரட்டிப்பைத் தாண்டி 19,539 ஆனது. 1860இல் 27,716. அவர்களில் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். கறுப்பினத்தவர் இங்கே பெரும்பான்மையானது தானாக நடந்த குடியேற்றத்தால் அல்ல. பருத்திக்கு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆளை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்தார்கள்.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. நிலம் மட்டும் கைமாறவில்லை. விடுதலை பெற்றவர்கள் அதே தோட்டங்களில் வாரச் சாகுபடிக்காரர்களாக உழுதார்கள். விதை, உணவு, துணி எல்லாம் முதலாளியின் கடையில் கடன். அறுவடை முடிந்ததும் கணக்கு எழுதுபவரும் முதலாளிதான்.

வாக்கு பறிபோன விதம்

1867இல் மத்திய அரசின் மறுசீரமைப்புச் சட்டங்கள் வந்தபோது தெற்கில் கறுப்பின ஆண்கள் முதன்முறையாக வாக்காளர்களாகப் பதிவானார்கள். அலபாமாவின் சட்டமன்றத்திலும் கறுப்பினத்தவர் அமர்ந்தார்கள். அந்தக் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1874இல் வெள்ளையர் ஆதிக்க ஜனநாயகக் கட்சி மாநில ஆட்சியைக் கைப்பற்றியது.

அடுத்து வந்த கால் நூற்றாண்டின் வாக்கு விவரங்களைப் படிப்பவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. பிளாக் பெல்ட் கவுண்டிகளில் வாக்குகள் மலைபோல் ஜனநாயகக் கட்சிக்கு விழுந்ததாகப் பதிவாகியிருக்கும். பெட்டியில் கள்ள வாக்கு, எண்ணிக்கையில் புரட்டு, வாக்காளருக்கு மிரட்டல் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. வடக்கு மலைப்பகுதியின் ஏழை வெள்ளை விவசாயிகள் 1890களில் தோட்ட முதலாளிகளை எதிர்த்துக் கிளம்பியபோது, அவர்களைத் தோற்கடித்ததும் கரிசல் கவுண்டிகளின் இந்தப் பொய்க் கணக்குதான்.

உச்சம் 1901இல் வந்தது. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்கவென்றே எழுதப்பட்ட புதிய மாநில அரசியல் சாசனம் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. பிளாக் பெல்ட்டுக்கு வெளியே எதிர்ப்பு வாக்குகளே அதிகம். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த கவுண்டிகளில்தான் அது அமோக ஆதரவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது! தங்கள் உரிமையைத் தாங்களே ஒழித்துக்கொள்ள மக்கள் திரண்டு வாக்களித்தார்கள் என்று அதிகாரபூர்வமாக எழுதிவைத்த தேர்தல் அது.

அந்தச் சாசனத்தின்படி, வாக்களிக்க ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வரி கட்ட வேண்டும். கட்டாத ஆண்டுகளின் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சொத்து இருக்க வேண்டும். தகுதி உண்டா இல்லையா என்பதை முடிவு செய்பவர் பதிவு அலுவலர். 1900இல் அலபாமா முழுவதும் வாக்களிக்கும் வயதில் 1,80,000க்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்கள் இருந்தார்கள். சாசனம் வந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டியலில் மிஞ்சியவர்கள் சுமார் 3,000 பேர். ஏழை வெள்ளையர்களிலும் பல்லாயிரம் பேர் இதே வரியால் வாக்கை இழந்தார்கள்.

லவுண்ட்ஸின் வாழ்க்கையை அறிவியல் முறையில் ஆராய்ந்து எழுத ஒரு முயற்சி நடந்தது. சமூகவியலாளர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் 1906இல் மத்திய அரசின் தொழிலாளர் பணியகத்துக்காக இந்தக் கவுண்டியில் வீடு வீடாக விவரம் திரட்டினார். நில உறவு, கடன், குடும்பம், அரசியல் எல்லாவற்றையும் தொட்ட ஆய்வு. அரசு அதை வெளியிடவில்லை. கையெழுத்துப் பிரதியும் அழிக்கப்பட்டுவிட்டது. அந்த அனுபவத்தில் ஒரு பகுதி 1911இல் வெளிவந்த அவருடைய நாவலில் புகுந்தது. கறுப்பின மக்களின் கிராமப்புற வாழ்வு பற்றி நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய மாபெரும் ஆவணம் அது. அதன் இழப்பை ஈடுகட்ட எதுவும் இல்லை.

1900இல் 35,651 பேருடன் மக்கள்தொகை உச்சத்தைத் தொட்டது. பிறகு இறக்கம்தான். பருத்திக் காய்களைத் துளைக்கும் கூன்வண்டு வந்தது. வடக்கே டெட்ராய்ட், சிகாகோ தொழிற்சாலைகள் ஆள் கேட்டன. அடியும் அவமானமும் துரத்தின. 1935இல் வாரச் சாகுபடிக்காரர்களின் சங்கம் பருத்தி பறிக்கும் கூலியை உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அது துப்பாக்கியாலும் சவுக்காலும் ஒடுக்கப்பட்டது. ‘ரத்த லவுண்ட்ஸ்’ என்ற பெயர் இந்தக் கவுண்டிக்குச் சும்மா வந்ததல்ல. 1960இல் 15,417 பேர்தான் மிச்சம்.

1965

அந்த ஆண்டின் தொடக்கத்தில் கவுண்டியின் வாக்காளர் பட்டியல் இப்படி இருந்தது: வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் 5,122 பேர், பதிவானவர்கள் பூஜ்யம். வாக்களிக்கும் வயதுடைய வெள்ளையர் சுமார் 1,900 பேர். அவர்களில் பதிவானவர்கள் 100 சதவீதத்துக்கும் மேல். செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் பட்டியலில் தொடர்ந்தார்கள். நிலத்தில் 90 சதவீதம் 86 வெள்ளைக் குடும்பங்களின் கையில் இருந்தது.

மார்ச் மாதம், கவுண்டியின் கறுப்பினத்தவர்களான ஜான் ஹியூலெட் உள்ளிட்ட சிலர் துணிந்து ஹேன்வில் நீதிமன்றக் கட்டடத்துக்குப் பதிவு செய்யப் போனார்கள். முதலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஹியூலெட்டின் பெயர் பிறகு சேர்க்கப்பட்டது. அதே மாதம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு 54 மைல் நடைப்பயணம் புறப்பட்டது. நெடுஞ்சாலை எண் 80 லவுண்ட்ஸுக்குள் இரு வழிச் சாலையாகக் குறுகியதால், அந்தப் பகுதியில் 300 பேர் மட்டுமே நடக்கலாம் என்று நீதிமன்றம் வரையறுத்திருந்தது. நடைப்பயணம் முடிந்த மார்ச் 25 இரவு, பயணிகளைக் காரில் கொண்டுபோய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வயோலா லியூஸோவை இந்தச் சாலையில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் வெறி அமைப்பின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். டெட்ராய்டிலிருந்து வந்தவர், ஐந்து குழந்தைகளின் தாய், வயது 39.

நடைப்பயணம் கடந்துபோய்விட்டது. பத்திரிகையாளர்களும் போய்விட்டார்கள். ஸ்டோக்லி கார்மைக்கேலும் சில இளைஞர்களும் மட்டும் லவுண்ட்ஸில் தங்கினார்கள். ‘ஸ்னிக்’ என்று அழைக்கப்பட்ட மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஆகஸ்ட் 6 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சில நாட்களிலேயே மத்திய அரசின் பதிவு அலுவலர்கள் ஃபோர்ட் டெபாசிட் என்ற சிற்றூரில் வந்து உட்கார்ந்தார்கள். எழுத்தறிவுத் தேர்வு இல்லை; மக்கள் வரிசையில் நின்றார்கள்.

பதிலடியும் உடனே வந்தது. ஃபோர்ட் டெபாசிட்டில் கடைகளுக்கு முன் மறியல் செய்து கைதான குழுவினர் ஹேன்வில் சிறையில் ஆறு நாள் கிடந்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று முன்னறிவிப்பின்றி வெளியே விடப்பட்டார்கள். வெயில் நேரம். நால்வர் பக்கத்துக் கடைக்குக் குளிர்பானம் வாங்க நடந்தார்கள். கடை வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் டாம் கோல்மன், மாநில நெடுஞ்சாலைத் துறை ஊழியர். துப்பாக்கி 17 வயது ரூபி சேல்ஸை நோக்கித் திரும்பியதும், ஜோனதன் டேனியல்ஸ் அவரைத் தள்ளிவிட்டு முன்னால் நின்றார், அங்கேயே இறந்தார். நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வந்திருந்த 26 வயது குருத்துவ மாணவர் அவர். ரிச்சர்ட் மாரிஸ்ரோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் முதுகில் குண்டு பாய்ந்து, உயிர் பிழைத்தார்.

வழக்கு ஹேன்வில்லில் நடந்தது. பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் கொண்ட ஜூரி கோல்மனை விடுதலை செய்தது. லியூஸோ கொலையில் குற்றம்சாட்டப்பட்ட ஒருவரையும் இதே ஊர் ஜூரி விடுவித்தது. மத்திய நீதிமன்றம் தனியாக வழக்கு நடத்தித்தான் மூவருக்குத் தலா 10 ஆண்டு தண்டனை அளித்தது. இந்த அநீதியிலிருந்து ஒரு நல்ல சட்டமும் பிறந்தது. லவுண்ட்ஸில் ஜூரியிலிருந்து கறுப்பினத்தவரை ஒதுக்குவதும், அலபாமா சட்டப்படி பெண்களை ஒதுக்குவதும் செல்லாது என்று 1966இல் ‘ஒயிட் எதிர் குரூக்’ வழக்கில் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூரியில் அமரும் பெண்களின் உரிமையைச் சம பாதுகாப்புக் கோட்பாட்டின் கீழ் உறுதிசெய்த முன்னோடித் தீர்ப்பு அது.

இதற்கிடையே, பெயர் பதிவு செய்த குடும்பங்களைத் தோட்ட முதலாளிகள் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். வாரச் சாகுபடிக்காரருக்கு வீடு என்பதும் முதலாளியின் நிலத்தில்தானே! அந்தக் குடும்பங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தில் கூடாரம் அடித்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தன. கூடாரங்களை நோக்கி இரவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ‘கூடார நகரம்’ இருந்த அந்த இடத்தில் இன்று தேசியப் பூங்காத் துறையின் நினைவு மையம் நிற்கிறது.

ஒரு சின்னத்தின் பயணம்

பதிவாயிற்று, யாருக்கு வாக்களிப்பது? அலபாமாவின் ஜனநாயகக் கட்சி வெள்ளையர் மேலாதிக்கத்தைத் தன் முழக்கமாகவே வைத்திருந்தது; அதன் வெள்ளைச் சேவல் சின்னத்தின் மேல் அந்த வாசகம் அச்சாகியிருந்தது. 1966இல்தான் அது நீக்கப்பட்டது. அதே ஆண்டில் உள்ளூர்ப் பதவிகளுக்கான வேட்பாளர் கட்டணத்தைக் கவுண்டியின் கட்சிக் குழு 50 டாலரிலிருந்து 500 டாலராக உயர்த்தியது.

ஸ்னிக்கின் ஆய்வாளர் ஜாக் மின்னிஸ் மாநிலச் சட்டப் புத்தகங்களைத் தோண்டி ஒரு பழைய பிரிவைக் கண்டெடுத்தார். கவுண்டி அளவில் தனிக் கட்சி தொடங்கலாம். பொதுக்கூட்டம் கூட்டி வேட்பாளரை அறிவிக்கலாம். 20 சதவீத வாக்கு பெற்றால் அங்கீகாரம் கிடைக்கும். இப்படிப் பிறந்தது லவுண்ட்ஸ் கவுண்டி சுதந்திர அமைப்பு. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கட்சிக்கும் சின்னம் வேண்டும் என்பது சட்டம். பாயும் கருஞ்சிறுத்தையை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அட்லாண்டாவின் கிளார்க் கல்லூரி விளையாட்டு அணியின் சிறுத்தைப் படம் அதற்கு மாதிரி.

இந்த அமைப்பின் உண்மையான சாதனை சின்னம் அல்ல. பாடம் நடத்திய விதம். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீப் என்ன செய்ய வேண்டும், வரி மதிப்பீட்டாளர் யார், பள்ளி வாரியத்துக்கு என்ன அதிகாரம் என்பதையெல்லாம் சித்திரக்கதைப் புத்தகங்களாக வரைந்து தேவாலயங்களில் கூடிப் படித்தார்கள். அறுபது ஆண்டுகளாக அரசு அலுவலகத்தின் பக்கம் போகவிடாத மக்கள், அந்த அலுவலகங்களை நடத்துவது எப்படி என்று பேசத் தொடங்கினார்கள். 1966 மே 3 அன்று நீதிமன்ற வளாகத்தில் கூட்டம் நடத்த ஷெரீப் இடம் தரவில்லை. அருகிலிருந்த பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சுமார் 900 பேர் கூடி ஏழு வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நவம்பர் 8 தேர்தலில் ஏழு பேரும் தோற்றார்கள். ஷெரீப் பதவிக்கு நின்ற சிட்னி லோகனுக்கு 1,643 வாக்குகள். பதவியில் இருந்தவருக்கு 2,320. தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றிவந்து முதலாளிகள் தங்களுக்கு வாக்களிக்கச் செய்திருந்தார்கள். ஆனாலும் 20 சதவீத எல்லை வெகு எளிதாகத் தாண்டப்பட்டது. அமைப்பு அங்கீகாரம் பெற்ற கட்சியானது.

சின்னம் அதற்குள் ஊரைவிட்டுப் புறப்பட்டிருந்தது. 1966 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய கட்சி கருஞ்சிறுத்தையை எடுத்துக்கொண்டது. அதன் தாக்கத்தில் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் உருவானது. 1982இல் மதுரையில் மலைச்சாமி அதன் தமிழகக் கிளையைக் கட்டினார். 1989இல் அவர் மறைந்தபின் தொல். திருமாவளவன் தலைமையில் அது விடுதலைச் சிறுத்தைகளாக வளர்ந்தது. தமிழகச் சுவர்களில் பாயும் சிறுத்தையின் பூர்வீகம் தேடிப் போனால், அலபாமாவின் கரிசல் காட்டில் ஒரு வாக்குச்சீட்டில் போய் நிற்கும்.

கைமாறிய பதவிகள்

1970இல் ஜான் ஹியூலெட் ஷெரீப் தேர்தலில் வென்றார். ஐந்தாண்டுகளுக்கு முன் கறுப்பின வாக்காளர் ஒருவர்கூட இல்லாத கவுண்டி அது! இருபது ஆண்டுகளுக்கும் மேல் அவர் அந்தப் பதவியில் நீடித்தார். எழுபதுகளின் முடிவுக்குள் முக்கியமான உள்ளூர்ப் பதவிகள் பலவும் கறுப்பினத்தவரிடம் வந்தன. தனிக் கட்சி மட்டும் மெல்ல ஜனநாயகக் கட்சியில் கரைந்தது. அதோடு, வேட்பாளரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் போயிற்று. அது பெரிய இழப்பு.

1976 முதல் ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் லவுண்ட்ஸ் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்துவருகிறது. 2008இல் ஒபாமாவுக்குச் சுமார் 75 சதவீதம். 2020இல் பைடனுக்குச் சுமார் 73 சதவீதம். 2024இல் சென்னையில் பிறந்த ஷ்யாமளாவின் மகள் கமலா ஹாரிஸும் இங்கே பெரும் வித்தியாசத்தில் முன்னிலை பெற்றார். கவுண்டியில் கறுப்பினத்தவரின் விகிதத்தையும் ஜனநாயகக் கட்சியின் வாக்கு விகிதத்தையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இங்கே வாக்கு இனத்தின் வழியே பிரிகிறது. வெள்ளையரில் மிகப் பெரும்பாலோர் குடியரசுக் கட்சி.

மாநில அளவில் இந்த வாக்குக்குப் பலன் குறைவு. 1980 முதல் அலபாமா ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் குடியரசுக் கட்சியின் பக்கமே நிற்கிறது. மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் மொத்தமும் அந்தக் கட்சிக்கே போகும். விதிவிலக்காக 2017 டிசம்பரில் நடந்த செனட் இடைத்தேர்தலைச் சொல்லலாம். ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் 22 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவான வாக்குகளில் வென்றார். லவுண்ட்ஸ் முக்கால் பங்குக்கு மேல் அவருக்கு அளித்திருந்தது. பிளாக் பெல்ட் திரண்டு வந்திராவிட்டால் அந்த வெற்றி இல்லை.

வாக்குரிமைச் சட்டமும் முன்பிருந்த வலுவோடு இல்லை. தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு, அதே அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில் 2013இல் செயலிழந்தது. அடுத்த ஆண்டே புகைப்பட அடையாள அட்டை கட்டாயமானது. அதற்கடுத்த ஆண்டு, அந்த அட்டைக்கு வழியான ஓட்டுநர் உரிம அலுவலகங்கள் பிளாக் பெல்ட் கவுண்டிகள் பலவற்றில் மூடப்பட்டன. கண்டனம் எழுந்த பின்னரே ஓரளவு திறக்கப்பட்டன.

வாக்கு எட்டாத இடம்

பதவிகள் வந்தும் லவுண்ட்ஸில் வறுமை தீரவில்லை. காரணம் 1901 சாசனத்தில் இருக்கிறது. வரி, செலவு பற்றிய அதிகாரத்தைக் கவுண்டிகளுக்குத் தராமல் மாநிலச் சட்டமன்றத்திடம் குவித்துவைத்தது அது. கறுப்பினத்தவர் என்றாவது கவுண்டியைக் கைப்பற்றினாலும் கஜானா சாவி அவர்களிடம் போகாது. 1966இல் லவுண்ட்ஸ்பரோவில் வெள்ளைக் குழந்தைகளுக்கெனத் தனியார் பள்ளி தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகள் ஏறக்குறைய முழுவதும் கறுப்பினக் குழந்தைகளுக்கானவை ஆயின. 1980களில் பர்க்வில்லில் வந்த ஜெனரல் எலக்ட்ரிக் பிளாஸ்டிக் ஆலை தவிர, சொல்லும்படி பெருந்தொழில் வரவில்லை.

மண்ணும் இப்போது எதிராக நிற்கிறது. பருத்திக்கு உதவிய அதே களிமண் நீரை உறிஞ்சாது. சாதாரண செப்டிக் டேங்க் மழைக்காலத்தில் நிரம்பி, கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். இந்த மண்ணுக்கு ஏற்ற சிறப்பு அமைப்புக்கு ஆகும் செலவு பல குடும்பங்களின் ஓராண்டு வருமானத்தையே விழுங்கிவிடும். கழிவறைக் குழாயைப் புறக்கடைப் பள்ளத்தில் விட்டுவிடுவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. அரசோ இந்தக் குடும்பங்களுக்கு அபராதம் விதித்தது, சிலரைக் கைதும் செய்தது. லவுண்ட்ஸில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதை வெளியுலகுக்குச் சொல்லிவருகிறார். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 55 பேரைச் சோதித்ததில் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் தடயம் தெரிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் அமெரிக்கா ஒழித்துவிட்டதாக நம்பிய நோய் அது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா.வின் வறுமை குறித்த சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் நேரில் வந்து பார்த்தார்.

2021இல் மத்திய நீதித் துறை விசாரணை தொடங்கியது. 2023 மே மாதம் மாநிலச் சுகாதாரத் துறையுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது: குடும்பங்களைத் தண்டிப்பது நிறுத்தப்பட வேண்டும், கழிவுநீர் வசதியை மேம்படுத்தத் திட்டம் வகுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. லவுண்ட்ஸ் மக்கள் தேர்ந்தெடுத்த கவுண்டி ஆணையர்களுக்கு அதைத் தடுக்கவும் அதிகாரம் இல்லை, அந்த வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யப் பணமும் இல்லை.